கால்வாய்க் கரையில் ஒரு ரங்கூன் காய்

1

மாசி பிறந்தால் எனக்குக் கை பரபரக்கும். நாங்கள் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது ஒரு மாசி மாதத்தில். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் ஏதாவது ஒரு ரங்கூன் சாப்பாட்டைச் செய்து பார்ப்பேன். அது சரியாக வராது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிவிட்டது. இந்த வருஷம் அப்படி நடக்கவில்லை. அந்தக் கதையை ரங்கூனில் இருக்கும் பழைய சிநேகிதர்களான உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஜப்பான் சண்டை முடிந்ததும் திரும்பிப் போய்விட்ட நீங்கள் என்னைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "தமிழச்சிக்குத் தமிழ் ஊர் எப்படி வெளியூர் ஆகும்? ரோசலினுக்குக் கொழுப்பு" என்று பேசிக்கொள்கிறீர்களாம். கொழுப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரேஷன் கார்டு எழுதிய குமாஸ்தாவின் முன்னால் நீங்கள் நின்றிருக்க வேண்டும். சொந்த ஊர் எது என்று கேட்டார். ரங்கூன் என்றேன். அது இருந்த ஊரம்மா, சொந்த ஊரைச் சொல்லுங்கள் என்றார். பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் அங்கேதான் ஐயா என்றேன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் என் மாமனார் எந்த ஊர் என்று விசாரித்து, நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு கிராமத்தின் பெயரை எழுதிக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் அரிசியும் சர்க்கரையும் அந்தக் கிராமத்துக்காரியின் பெயரில்தான் வருகின்றன.

நாங்கள் வந்து இறங்கிய சில வாரங்களில், ஜப்பான்காரன் இங்கேயும் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியது. மயிலாப்பூரில் தெருத் தெருவாகப் பூட்டுத் தொங்கியது. குண்டுக்குப் பயந்து ஓடி வந்த என்னைப் பார்த்ததும் ஊரே பயந்து ஓடியதுபோல இருந்தது. ஒரு விதத்தில் நல்லதுதான். சாந்தோமில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் கிணற்றோடு ஒரு வீடு சல்லிசாகக் கிடைத்தது. ஊர்க்காரர்கள் திரும்பி வந்தபோது நாங்கள் உள்ளே இருந்தோம்.

என் வீட்டுக்காரர் சூசையை உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுக வேலை என்பதால் அவரைக் கப்பல் ஏற விடவில்லை. பிறகு அரக்கான் காட்டு வழியாக நடந்து வந்தார். மழைக் காலத்தில் ஒரு நாள் வாசலில் வந்து நின்றபோது, எங்கள் மகள் ஸ்டெல்லா யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவர் ரங்கூன் என்ற வார்த்தையையே வாயில் எடுப்பதில்லை. நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஸ்டெல்லாவுக்கோ அந்த ஊர் ஞாபகமே இல்லை. ராத்திரிப் படுக்கையில் நான் ஆரம்பித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வெளியாட்களும் அப்படித்தான். குண்டு விழுந்ததைக் கேட்பார்கள். நகையைக் கொண்டுவர முடிந்ததா என்று கேட்பார்கள். ரங்கூன் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அதுதான் நம் ஊருக்கே வந்துவிட்டாயே என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

2

சனிக்கிழமை விடிந்ததும் நான் கால்வாய்க் கரைக்குப் போவேன். திருவான்மியூர், பாலவாக்கம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தாங்கள் விளைவித்ததைப் படகில் ஏற்றி மயிலாப்பூருக்குக் கொண்டுவந்து, கரையிலேயே சாக்கை விரித்துக் கூறு கட்டி வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு அதே படகில் திரும்பிவிடுவார்கள். நடுவில் தரகு இல்லாததால் மார்க்கெட்டைவிட விலை குறைவு. அதற்காகத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில், ஈரச் சாக்கும் கீரையும் படகுத் தாரும் கலந்த அந்த வாசனைக்காகப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டால் ரங்கூனில் நம் கெமண்டைன் கடைத்தெருவில் நிற்பதுபோல இருக்கும்.

வந்த புதிதில் ஒரு நாள் அப்படித்தான் மெய்மறந்து, ஒரு கூறைக் காட்டி "பெலாவ்லே?" என்று பர்மா பாஷையில் விலை கேட்டுவிட்டேன். நான் தெலுங்குக்காரி என்று எண்ணி அந்த ஆள் தெலுங்கில் விலை சொன்னார். அதுவும் எனக்குப் புரியவில்லை. விரலைக் காட்டி, தலையை ஆட்டி, ஒரு வழியாக வாங்கி வந்தேன்.

அப்படி வாங்கி வந்தது கொத்தவரங்காய். நான் அதற்கு முன் அதைச் சமைத்ததில்லை. பீன்ஸ்போல இருக்கிறதே என்று எண்ணெயில் வதக்கிப் போட்டேன். கசப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது. மணத்தக்காளிக் கீரை, கோவைக்காய், இப்படி ஒவ்வொன்றிடமும் முதல் தடவை தோற்றேன். நான் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் பர்வதம் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தெற்கே அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வெளிதேசம் என்று நினைப்பவர். அவர்தான் கொத்தவரங்காயை வேகவைத்துப் பிழிந்து பருப்பு உசிலி செய்யக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு எங்கள் வீட்டில் ஸ்டெல்லா விரும்பிக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஒரே கறி அதுதான்.

நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் புதுக் காய் ஒன்று பிடிபடும்போதெல்லாம் பழைய காய் ஒன்று மறந்துபோகிறதோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

3

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில், கரையின் கடைசியில், யாரும் நிற்காத ஒரு சாக்கின் மேல் அதைப் பார்த்தேன். சிறகவரை. நான்கு பக்கமும் சுருள் சுருளாகப் பட்டை வைத்த, பச்சை ரிப்பன் தைத்ததுபோன்ற நம்முடைய சிறகவரை. ரங்கூனில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் காசு வாங்காமல் தட்டு நிறைய வைப்பார்களே, நாப்பி மீன் விழுதில் தோய்த்துக் கறுக் கறுக்கென்று கடிப்போமே, அது. சென்னைக்கு வந்தபின் ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

விற்றுக்கொண்டிருந்தவள் பெயர் கன்னியம்மா, பாலவாக்கத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. நான் காயைக் கையில் எடுத்ததும், கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டாள்.

"இன்னா காய்னு கேக்காதம்மா, எனக்கே தெரியாது. எங்க ஊட்டுக்காரரு ரங்கூன்லேந்து கொணாந்து போட்டது."

அவள் புருஷன் முனுசாமி பல வருஷம் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவராம். எந்த மில், எந்தப் பக்கம், அவளுக்குத் தெரியாது. சண்டையில் நடந்தே வந்தார். கொண்டு போன பெட்டி, சேர்த்த பணம் எதுவும் வரவில்லை. வேட்டி முடிச்சில் இந்த விதை மட்டும் வந்தது. வேலியோரம் ஊன்றினார். கொடி வேலி ஏறுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். எப்படிச் சமைப்பது என்று சொல்லவில்லை. முருங்கைக்காய்போல இருக்கும் என்று இவள் குழம்பில் போட்டுப் பார்த்தாள். மென்று துப்பக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து ஊரில் ஒரே கேலி. பத்து வருஷம் சம்பாதித்து முனுசாமி கொண்டுவந்த சொத்தைப் பார் என்று வேலிப் பக்கம் போகிறவர்களெல்லாம் சொல்லிச் சிரிப்பார்களாம்.

இருந்தும் வருஷா வருஷம் விதை எடுத்து மறுபடி போடுகிறாள். வாரா வாரம் பறித்துக் கரைக்குக் கொண்டுவருகிறாள், மீதியைப் படகிலேயே திருப்பிக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுகிறாள். ஆனால் அதுவும் இந்த வருஷத்தோடு சரி. தோட்டம் இப்போது கொழுந்தனார் கையில். பொங்கலோடு கொடியை அறுத்து அடுப்பில் வைத்துவிட்டு, வேலியில் பீர்க்கங்காய் ஏற்றப்போகிறாராம். பீர்க்கு விற்கும், இது விற்காது. அவர் சொல்வதிலும் தப்பில்லை என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, காய்களை ஒன்றன் மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கத் தொடங்கினாள்.

அந்தக் கூறு முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

4

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். நாப்பி இங்கே எங்கே கிடைக்கும்? நொச்சிக்குப்பத்துப் பக்கம் போய்ச் சென்னாக்கூனிக் கருவாடு வாங்கி, வறுத்து, பச்சை மிளகாயும் புளியும் வைத்து இடித்தேன். வீடே நாறுகிறது என்று ஸ்டெல்லா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். காயை நறுக்கித் தட்டில் அடுக்கி வைத்தேன்.

கடிக்க முடியவில்லை. செருப்பு வாரைக் கடித்ததுபோல இருந்தது. வேகவைத்தேன். வெந்த செருப்பு வாராக ஆயிற்று. "இன்னாமா இது, மாட்டுக்குப் போடறதா?" என்று மகள் கேட்டாள். அவளைத் திட்டிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நாக்குதான் மறந்துவிட்டதோ, ரங்கூனில் சாப்பிட்டதாக நினைப்பதெல்லாம் என் கற்பனைதானோ என்று பயமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தார். கைகழுவிவிட்டு வந்து, தட்டில் கிடந்த ஒரு காயை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"முத்திப் போச்சு, ரோசலின். விரல் நீளத்துலயே பறிக்கணும். கெமண்டைன்ல வேலியோரம் விப்பாளே அந்தக் கிழவி, விரலை வச்சு அளந்துதான் கிள்ளுவா."

காயைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் ரங்கூன் பேச்சு அது. எனக்கு அந்தக் கிழவி நினைவில் இல்லை. அவருக்கு இருந்திருக்கிறது. அவரும் இத்தனை நாள் உள்ளே அங்கேதான் நடந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

5

அடுத்த சனிக்கிழமை கன்னியம்மாவிடம் போய்ப் பிஞ்சாகப் பறித்துவரச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் பிஞ்சில் கை வைக்கும் பழக்கமே இல்லை என்றாள். பாலவாக்கத்தில் கத்தரியோ வெண்டையோ எதுவானாலும் காய் வளருகிற வரைக்கும் விட்டுத்தான் பறிப்பார்களாம். பெரிதாக இருந்தால்தானே கூறு கண்ணுக்கு நிறைவாக இருக்கும், நாலு பேர் நிற்பார்கள் என்பது ஒரு கணக்கு. இன்னொன்றையும் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அவரு வச்ச கொடிம்மா. பிஞ்சுல கிள்ள எனக்கு மனசு வர்ல."

அவள் அந்தக் கொடியின்மேல் வைத்திருந்த அன்புதான் காயைத் தின்ன முடியாமல் செய்துகொண்டிருந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். நானும் ரங்கூனிலிருந்து வந்தவள்தான், உன் வீட்டுக்காரர் இதைப் பிஞ்சாகத்தான் சாப்பிட்டிருப்பார், அந்த ருசிக்காகத்தான் விதையை முடிந்துகொண்டு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், முற்றவிட்டால் அவர் கொண்டுவந்தது இதுவென்றே யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றேன். அடுத்த வாரம் முந்தானையில் முடிந்து ஒரு கைப்பிடி கொண்டுவந்தாள், திருடிக்கொண்டு வந்ததுபோல அக்கம்பக்கம் பார்த்தபடி.

இருவரும் கரையில் உட்கார்ந்து பச்சையாகவே கடித்தோம். கறுக்கென்று ஒடிந்தது. அதே ருசி. அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றாள். "நல்லாத்தானே கீது" என்றாள் கடைசியில், யாரோ இல்லையென்று வாதாடியதுபோல.

ஆனால் நாங்கள் இரண்டு பேர் சாப்பிட்டால் கொடி பிழைக்காது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. நான் பர்வதம் டீச்சரைப் பிடித்தேன். ஒரு பொட்டலத்தை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் நாலா பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். இது நாட்டுக் காயா, இங்கிலீஷ் காயா என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் வீட்டில் திவச நாளில் நாட்டுக் காய் மட்டும்தான் சேர்ப்பார்கள். கோசு, காரட் எல்லாம் அன்றைக்கு வாசலோடு சரி. இது பர்மாக் காய் என்றதும் அவருக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. அதற்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை. என் நிலைமையும் அதுதான் டீச்சர் என்றேன்.

சிரித்துவிட்டார். "சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதேங்கோ. திவசத்துக்கு ஆகாது. மத்த நாள்ல எங்காத்துல பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஒரு கிண்ணத்தோடு வந்தார். பருப்பு உசிலி. கொத்தவரங்காய்க்குப் பதில் சிறகவரை. கசப்பில்லை, பிழிய வேண்டியதில்லை, நொடியில் வேகிறது என்று வகுப்பை விட்டுவிட்டுப் புகழ்ந்தார். அது என்ன காய் என்று அவர் நாத்தனார் கேட்டாராம், எதிர்வீட்டு மாமி கேட்டாராம். அந்தச் சனிக்கிழமை கன்னியம்மாவின் சாக்கின் முன்னால் மடிசார் கட்டிய மூன்று மாமிகள் நின்றார்கள். அடுத்த வாரம் இன்னும் கூடினார்கள். பொங்கல் வந்தது, கொழுந்தனார் அரிவாளை எடுக்கவில்லை. மற்ற வேலியிலும் இதையே ஏற்றலாமா என்று கேட்டாராம்.

6

இந்த வருஷம் மாசியில், நாங்கள் கப்பலிறங்கிய நாள் சனிக்கிழமையாகவே அமைந்தது. ஸ்டெல்லாவுக்கு ஜலதோஷம், கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. நான் கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. கன்னியம்மாவின் சாக்கு காலி. பக்கத்தில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு மாமி, கூடை நிறையச் சிறகவரையை வைத்துக்கொண்டு மீதிச் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவராகவே பேச ஆரம்பித்தார். இது பட்டை அவரை, எங்கள் பக்கத்துக் காய், பிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும், உசிலிக்கு இதுபோல வராது என்று எனக்கு எடுத்துச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

"ஊருக்குப் புதுசோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? வேட்டி முடிச்சில் வந்த காய்க்கு இரண்டு வருஷத்தில் சொந்த ஊர் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. கொடி பிழைக்க வேண்டும் என்றுதானே தெருத் தெருவாக அலைந்தேன். ஆனால் இருந்த ஒரே ஒரு ரங்கூனையும் நானே கொடுத்துவிட்டுக் காலிப் பையோடு நிற்பதுபோல இருந்தது. திரும்பினேன்.

"எங்கம்மா போற, குந்து" என்றாள் கன்னியம்மா.

படகிலிருந்து ஈரத்துணி சுற்றிய ஒரு மூட்டையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். விரல் நீளப் பிஞ்சுகள், எல்லாம் ஒரே அளவு. விடியற்காலையில் எனக்கென்று தனியாகக் கிள்ளி, எத்தனை பேர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். நான் பையைத் திறந்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊரு எப்டிம்மா இருக்கும்?" என்றாள். "அவரு சொல்றேன் சொல்றேன்னுக்கினே இருந்தாரு. சொல்லாமயே பூட்டாரு. நீதான் சொல்லேன்."

படகுக்காரர் கூப்பிட்டார். கொஞ்சம் பொறு என்று அவள் கையைக் காட்டினாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததில் எதை முதலில் எடுப்பது? பிறகு, விரலை வைத்து அளந்து காய் கிள்ளும் அந்தக் கிழவியிலிருந்து ஆரம்பித்தேன்.